வெட்டிவேர்

பெங்களூருவின் நாட்டு மருந்துக் கடைகளில், பழுப்பு நிறத்தில் நூற்கற்றை போன்ற வேர்க்கட்டு விற்கப்படும். கன்னடத்தில் அதன் பெயர் லாவஞ்ச, தமிழில் வெட்டிவேர். மண்பானை நீரில் சிறிதளவு இட்டால் நீர் மணக்கும். வேரை அறிந்தோருள் பலர் அதன் செடியைக் கண்டதில்லை. அச்செடி ஒரு புல்.

வெட்டிவேர் இந்தியாவுக்கு உரிய புல்வகை. ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் நெருக்கமாக எழுந்து, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை உயரும். இலைகள் நீண்டு, குறுகி, விறைப்பாக இருக்கும், ஓரங்கள் சொரசொரப்பானவை. பூங்கொத்து ஊதா கலந்த பழுப்பு நிறமுடையது. இலையைக் கசக்கினால் எலுமிச்சைப்புல்லைப் போல மணக்காது, மணமெல்லாம் வேரில்தான். தென்னிந்தியாவில் பயிராகும் வகை பூத்தாலும், முளைக்கும் விதையைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே தூரைப் பிரித்தே நடுவர். நட்ட இடத்தைவிட்டு அது களையாகப் பரவுவதில்லை.

இப்புல்லின் சிறப்பு கண்ணுக்குத் தெரியாத பகுதியில் உள்ளது. பெரும்பாலான புற்களின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவும். வெட்டிவேரோ செங்குத்தாகக் கீழிறங்கும். ஏற்ற மண்ணில் மூன்று மீட்டர் ஆழத்தையும் எட்டும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டால், விறைத்த தண்டுகள் மழைநீரின் வேகத்தைத் தணிக்கும். நீர் கசிந்து செல்ல, வண்டல் பின்னால் தங்கும். தங்கிய மண் தூரை மூடினாலும் புல் மடிவதில்லை. புதைந்த கணுக்களில் புதுவேர் விட்டு மேலெழும்.

பெங்களூருவிலிருந்து மைசூரு வழியாக உதகைக்குச் செல்வோர் குண்டுலுபேட்டையைக் கடப்பர். அவ்வட்டார உழவர்கள் தலைமுறைகளாக இப்புல்லை வயலோரங்களில் வேலியாக வளர்த்துவந்தனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் மண்ணரிப்பைத் தடுக்க இதனைப் பரிந்துரைத்தபோது, அவ்வேலிகளும் எடுத்துக்காட்டாயின.

பெயரிலோ வேறொரு செய்தி இருக்கிறது. வெட்டி எடுக்கப்படும் வேர் ஆதலின் வெட்டிவேர். இத்தமிழ்ச்சொல்லே பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்கும் சென்றது. செடியின் பழைய அறிவியல் பெயரான வெட்டிவேரியாவும் இதிலிருந்து பிறந்ததே. நறுமண எண்ணெய்க்காக வேரை எடுப்போர் செடி முழுவதையும் தோண்டியாக வேண்டும். கடலூர் மாவட்டத்தில் கடலோர மணல் நிலங்களில் இவ்வாறு பயிரிடுகின்றனர். சமதளமாதலால் கேடு குறைவு. சரிவான நிலத்தில் தோண்டினாலோ மண் இளகி, அடுத்த மழையிலேயே அடித்துச் செல்லப்படும். மண்ணைக் காத்த புல்லே அம்மண் கரையக் காரணமாகிவிடும்! ஆதலால், வேலியாக நட்ட புல்லில் இலையை மட்டும் அறுப்பர். இளந்தளிர் மாட்டுக்குத் தீவனமாகும். முற்றிய இலை கூரை வேயப் பயன்படும்.