ஐ.சி.யூ.வில் ராத்திரி உண்டா?

"பகலெல்லாம் எழுந்து நடமாடுகிற காய்ச்சல்காரருக்கு, விளக்கு வைத்ததும் உடம்பு கொதிப்பது ஏன்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆரோக்கியமானவர்களுக்கே உடல் வெப்பம் சாயங்காலம்தான் உச்சம் தொடும். போதாததற்கு, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் காலையில் உயர்ந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ராத்திரி பாடு அதனால்தான்.

இதையெல்லாம் நடத்துகிற உடல் கடிகாரம் பற்றி, 2017 நோபல் பரிசுக்குப் பிறகு நிறையவே எழுதியாயிற்று. என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து எலிகள். அவற்றுக்கு இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தூங்கப்போகிற நேரத்தில். இன்னொன்றுக்கு, விழித்து நடமாடத் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன். (எலிகளுக்கு இரவுதான் பகல்.) இரண்டாவது கூட்டத்தில் செத்தவை பல மடங்கு அதிகம். சரி, வைரஸ் அதிகமாகப் பெருகியிருக்கும் என்று நினைப்போம். இல்லை! நுரையீரலில் வைரஸின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடியிருந்தது அழற்சி. கடிகார மரபணு ஒன்றை நீக்கியதும் இந்த நேர வித்தியாசம் மறைந்துபோனது.

எங்கள் தெருக் கடையொன்றில் தீப்பிடித்தபோது எரிந்தது ஓர் அலமாரி; அணைக்க அடித்த தண்ணீரில் பாழானது மொத்தச் சரக்கு. கடும் வைரஸ் நோயிலும் பல சமயம் இதே கதைதான். 2020-இல் வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்த டெக்ஸாமெத்தசோன், வைரஸைக் கொல்லும் மருந்தல்ல. கார்ட்டிசாலின் உறவுக்காரர், அழற்சியை அடக்குபவர்.

அப்படியிருக்க, கடிகாரம் மிகவும் தேவைப்படும் ஐ.சி.யூ.வில் அதை என்ன பாடு படுத்துகிறோம்? விடிய விடிய வெளிச்சம். மானிட்டரின் கூவல். மூக்குக் குழாயில் இருபத்துநான்கு மணி நேரமும் உணவு. மருத்துவமனை அறைகளில் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அமைதியுள்ள ஐ.சி.யூ.வை நான் கண்டதில்லை. நாள் எது, பொழுது எது என்று தெரியாமல் நோயாளி பிதற்றத் தொடங்கினால் மட்டும் ஆச்சரியப்படுகிறோம்.

குறுக்குவழியையும் முயன்றுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் சுமார் 850 ஐ.சி.யூ. நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரவு ஹார்மோனான மெலடோனினைக் கொடுத்தும் மனக்குழப்பம் குறையவில்லை. கண்ணைக் கூசும் விளக்கின் கீழே ஒரு மாத்திரை என்ன செய்துவிடும்? கோடிக்கணக்கில் கருவி வாங்குகிறவர்கள், கண்ணை மூட ஒரு துணிப்பட்டைக்கும் காதுக்குப் பஞ்சுக்கும் யோசிப்பது எனக்கு விளங்கவில்லை. காலை ரவுண்ட்ஸுக்கு ரிப்போர்ட் தயாராக வேண்டுமென்று விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி ரத்தம் எடுப்பதும்தான். அவசரமில்லாத நோயாளிக்காவது ரவுண்ட்ஸைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் என்ன?