குளிசையைக் கூட்டுமுன் கையைத் தொட்டுப் பார்த்தவர்

வவுனியாப் பக்கம் வயல் செய்தவர் அந்த ஐயா. பலமுறை இடம்பெயர்ந்து, இப்போது பாமன்கடையில் மகளின் வாடகை வீட்டில் பின்னறையொன்றில் இருக்கிறார். பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். நாம் பார்க்கப் போனபோது வலது கை முழங்கையில் மடிந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. விரல்கள் பொத்தியபடி. கால் தடிபோல விறைத்திருந்தது.

“நெல்லு விதைச்ச கை தம்பி. இப்ப விரல் திறக்குதில்லை” என்றார்.

மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டோ இரத்தம் கசிந்தோ ஒரு பகுதி பழுதாகும்போது, தசைகளை அடக்கி வைக்கும் கட்டளைகளும் குறைந்து விடுகின்றன. முதலில் தொய்ந்து கிடக்கும் கையும் காலும் சில கிழமைகளில் இறுகத் தொடங்குகின்றன. பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது.

ஐயா முதலில் போன கிளினிக்கில் சனக்கூட்டம். இளம் வைத்தியர் கையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு பக்லோபன் குளிசை எழுதினார். அடுத்த மாதம் அளவைக் கூட்டினார், அதற்கடுத்த மாதமும் கூட்டினார். கை திறக்கவில்லை. ஐயா பகலிலும் தூங்கி வழிந்தார். கால் தளர்ந்து, மலசலகூட வாசலில் விழுந்தார். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்க, அந்த வைத்தியரை மட்டும் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

பிறகு பார்த்தவர் வயதான வைத்தியர். அவர் அதே கையைச் சட்டென்று ஒருமுறையும், மிக மெதுவாக ஒருமுறையும் நீட்டிப் பார்த்தார். வேகமாக இழுக்கும்போது தடுத்து, மெதுவாக இழுக்கும்போது இளகினால் அது நரம்பினால் வரும் இறுக்கம், மருந்துக்கு இணங்கக்கூடியது. மெதுவாக இழுத்தும் அசையாவிட்டால் தசையே குறுகிவிட்டது. அதற்கு எத்தனை குளிசை போட்டும் பயனில்லை.

அடுத்து, சலம் எரிகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார். காலுறையைக் கழற்றச் சொன்னார். பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்திருந்தது. இத்தகைய நோவு ஒன்றே இறுக்கத்தைக் கூட்டப் போதும். பின்பு அறைக்குள் நடக்க வைத்துப் பார்த்துச் சொன்னார்: “உந்த விறைச்ச காலிலைதான் நீங்கள் நிக்கிறியள். அதை இளக்கினா விழுந்திடுவியள்.”

ஊர் எது என்று கேட்டதும் சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார். வவுனியா, அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்தே காணப்பட்டு வருகிறது. பக்லோபனின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவரின் உடலில் அது தேங்கி, மயக்கத்திலும் கொண்டுபோய் விடும். ஆகவே வைத்தியர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக, “என்ன செய்ய ஆசைப்படுறியள்?” என்று கேட்டார். ஐயா வயலைச் சொல்லவில்லை. “உள்ளங்கையைக் கழுவ வேணும். மணக்குது” என்றார். குளிசை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. விரலை மடக்கும் தசைகளுக்கு மட்டும் பொட்டுலினம் ஊசி போடப்பட்டது. இது இரண்டு கிழமைக்குள் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். விலை கூடியது. கூடவே இயன்மருத்துவப் பயிற்சியும் வேண்டும். சரியான தசையில் ஊசி இறங்குவதும் இலேசல்ல. 2012இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், இறந்தோரின் கெண்டைக்காலில் கைக்கணக்கில் ஊசி போட்ட 121 பேரில் பாதிக்கும் குறைவானோரே குறித்த தசையை எட்டினர். ஆகவே பழகிய கையும் ஸ்கான் கருவியைப் பார்த்துப் போடுவது நல்லது.

ஐயாவின் விரல்கள் முழுதாக விரியவில்லை. ஆனால் மகள் இப்போது உள்ளங்கையைக் கழுவி, நகம் வெட்டி விடுகிறாள்.

இடம் மாறும் குடும்பத்துக்கு வைத்தியரும் மாறிக்கொண்டேயிருப்பார். முந்தியவர் அறிந்தது புதியவருக்குத் தெரிய வேண்டுமானால் கிளினிக் கொப்பி கையோடு போக வேண்டும். எந்தக் குளிசை, எத்தனை, எப்போது கூட்டியது, கூட்டியபின் விழுந்தாரா, தூங்கினாரா என்பதை மகனோ மகளோ திகதியோடு எழுதி வைக்கலாம். குளிசை முடிந்துவிட்டதென்று திடீரென நிறுத்த வேண்டாம். வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். இடம் மாறும் நாளில் கொப்பியையும் இரண்டு கிழமைக்கான குளிசையையும் அடையாள அட்டை வைக்கும் பையிலேயே வையுங்கள்.