கர்ப்பிணித் தாய்க்குக் காய்ச்சலா? அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் காணி துப்புரவாக்குதல், கிணறு இறைத்தல், கொட்டில் போடுதல் என வேலைகள் குவிந்து கிடக்கும். அந்த நேரத்தில் கர்ப்பிணித் தாய்க்கு வரும் காய்ச்சலை, 'அலைச்சலால் வந்தது' என்று விட்டுவிட வேண்டாம். அது வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கலாம்.

குழந்தைக்கு இரத்தம் செல்லும் வழி

தாயின் இரத்தம் கருப்பையில் ஒட்டியிருக்கும் நச்சுக்கொடிக்கு வருகிறது. அங்கிருந்து ஒட்சிசனும் போசணையும் தொப்புள்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்கின்றன. குழந்தைக்கு வேறு வழி இல்லை. நச்சுக்கொடிக்கு வரும் இரத்தம் குறைந்தால் குழந்தையின் வளர்ச்சி குன்றும்; சில வேளை உயிருக்கே ஆபத்தாகும்.

தொற்று என்ன செய்கிறது?

கிருமியை எதிர்க்கும்போது உடலில் அழற்சி உண்டாகிறது. காயம் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். அது உடல் முழுவதும் கடுமையானால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். இரத்த அழுத்தம் விழும். அப்போது உடல் தாயின் மூளையையும் இதயத்தையும் காக்க முயலும்; கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறையும்.

டெங்கு: காய்ச்சல் தணியும் வேளையிலேயே இந்தக் கசிவு தொடங்கலாம். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று நீங்கள் ஆறுதலடையும் நாளே ஆபத்தான நாளாக இருக்கலாம்.

மலேரியா: சில வகைக் கிருமிகள் நச்சுக்கொடியில் தங்கி அங்கேயே அழற்சியை உண்டாக்கும். குழந்தை நிறை குறைந்து பிறக்கலாம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆனால் நீங்கள் இந்தியாவிலிருந்து திரும்பியவரானால், பல மாதங்கள் சென்ற பின் காய்ச்சல் வந்தாலும் அதைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

சலக்கடுப்பு: சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை பரவினால் குறைமாதப் பிரசவம் நேரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சல் வந்த அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணி என்பதையும் எத்தனையாவது மாதம் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.

• கடையில் அஸ்பிரின், இபுபுரூபன் வாங்கிக் குடிக்க வேண்டாம். கிளினிக்கில் ஏற்கெனவே அஸ்பிரின் தந்திருந்தால், காய்ச்சலுக்குப் பார்க்கும் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

• குழந்தையின் துடிப்புக் குறைந்தாலோ, இரத்தம் அல்லது நீர் போனாலோ இரவென்று பாராமல் புறப்படுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

• முகாமில் பதிந்திருந்தாலும் ஊருக்கு வந்ததும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மீண்டும் பதியுங்கள். கிளினிக் அட்டை தொலைந்திருந்தாலும் தயங்காமல் செல்லுங்கள்.

• கிணறு இறைத்துக் குளோரின் இட்ட பின்னும் கொதித்தாறிய நீரையே கர்ப்பிணிக்குக் கொடுங்கள். பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். சிரட்டை, பழைய ரயர், உடைந்த பாத்திரங்களில் நீர் தேங்க விடாதீர்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு: காணி வேலை ஒரு நாள் பிந்தினால் பாதகமில்லை. காய்ச்சலுள்ள கர்ப்பிணியை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வது பிந்தக்கூடாது.