பழைய மோட்டார் சைக்கிளில் அழுத்தம் குறைவது ஏன்?

பல ஆண்டுகள் தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓடச் செய்ய வேண்டும் என்ற ஆசை நேயர்களில் பலருக்கு இருக்கலாம். தந்தையார் ஓட்டிய வண்டியாயின் அந்த ஆசை இரட்டிப்பாகும். தூசி துடைத்துக் கிக்கரை மிதித்தாலோ, காலுக்கு எதிர்ப்பே தெரியாமல் அது இறங்கிவிடுகிறது. "கம்ப்ரெஷன் இல்லை, ரீபோர் செய்ய வேண்டும்" என்று பட்டறையில் உடனே தீர்ப்புக் கிடைக்கிறது. அத்தீர்ப்பை ஏற்குமுன் சற்றுப் பொறுத்து ஆராய்வது நலம். ஏனெனில், சிலிண்டரிலிருந்து கடைந்தெடுத்த உலோகம் திரும்பி வருவதில்லை.

1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவான 350 புல்லட் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. உள்ளே வந்த 346 கன சென்டிமீட்டர் கலவையும் உச்சியிலுள்ள சிறு அறையில் நெருக்கப்பட்டால்தான், தீப்பொறி பட்டதும் வலுவுடன் எரியும். அக்கலவை தப்பியோடும் வழிகள் பல: இரு வால்வுகள், பிஸ்டன் ரிங்குகள், ஹெட் காஸ்கெட்டு, பிளக்கின் அடிவளையம், பழைய புல்லட்டில் உள்ள டீகம்ப்ரெஷர் என்னும் சிறு வால்வு. எவ்வழியே கசிகிறது என்று காண்பதே நம் வேலை.

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம். பிளக்கு இறுகியிருக்கிறதா? டீகம்ப்ரெஷரின் கம்பி அளவுக்கு மீறி இழுபட்டிருந்தாலும், கரி படிந்து அவ்வால்வு சரியாக அமராவிட்டாலும், அழுத்தம் போய்விடும். அடுத்து, யந்திரம் குளிர்ந்திருக்கையில், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ்ராடுகளை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். அவை தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுகியிருந்தால் வால்வு முழுவதும் மூடவில்லை என்று பொருள். ஒரு ஸ்பானரால் தீரும் குறை அது.

இவை சரியாயிருப்பின், பிளக்குத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, சுவிட்சை அணைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்து, முள் மேலும் ஏறாத வரை கிக்கரை மிதிக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தால் உள்ளே போதிய காற்று வராது. நல்ல யந்திரமும் நோயாளியாகத் தோன்றும். கண்ட அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெயைத் துளை வழியே விட்டு, மீண்டும் அளக்க வேண்டும். முள் நன்கு உயர்ந்தால், ரிங்குகளின் ஓரமாகக் கசிந்த இடத்தை எண்ணெய் அடைத்தது எனலாம். உயராவிட்டால், வால்வையோ காஸ்கெட்டையோ ஐயுற வேண்டும். எண்ணெய் மிகுந்தால் அதுவே அறையை நிரப்பி முள்ளை ஏற்றிவிடும்; ஆகவே அளவு முக்கியம்.

இன்னும் தெளிவு வேண்டுமாயின், பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கியர் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளக்குத் துளை வழியே கம்ப்ரெஸர் காற்றைச் செலுத்தலாம். கார்புரேட்டரில் சீற்றம் கேட்டால் உள்வால்வு கசிகிறது. சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. கிராங்க் கேஸின் மூச்சுக் குழாயில் கேட்டால் ரிங்குகள் அல்லது பிஸ்டன். ஹெட்டின் பொருத்தில் தடவிய சோப்பு நீர் குமிழியிட்டால் காஸ்கெட்டு.

நெடுநாள் நின்ற வண்டியில் இரு குறைகள் அடிக்கடி காணப்படும். திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் வழியே ஈரக்காற்று புகுந்து, அது அமரும் இடத்தில் துருவேறியிருக்கும். துரு மேலோட்டமாயின் வால்வைப் பசையிட்டுத் தேய்த்து அமர்த்தினால் போதும். மற்றொன்று, பழைய எண்ணெய் பிசினாக இறுகி, ரிங்குகள் தத்தம் பள்ளத்தில் ஒட்டிக்கொள்வது. அவற்றை ஊறவைத்து விடுவித்தால் பழைய ரிங்குகளே மீண்டும் உழைப்பதும் உண்டு.

ரிங்குகளே காரணம் என்று தெரிந்த பின்னரும், சிலிண்டரை மேலும் நடுவும் கீழும் அளக்க வேண்டும்; ரிங்கைச் சிலிண்டருள் வைத்து, அதன் முனைகளின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். தேய்வு பெரும்பாலும் மேற்பகுதியிலேதான் மிகுதி. பெரிய அளவுப் பிஸ்டன்கள் சில அளவுகளில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு ரீபோரும் அவற்றுள் ஒன்றைச் செலவழித்துவிடுகிறது. அளந்து தேய்வு மிகுதி என்று கண்டபின் ரீபோர் செய்வதில் தவறில்லை. அளக்காமல் செய்தால், தந்தையார் ஓட்டிய சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கை வீணாகக் குறைத்தவர்களாவோம். வால்வில் இருந்த கசிவோ அப்படியே இருக்கும்.