கடுவன் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால்



தோட்டத்து லயங்களில் பல வீடுகளில் பூனை வளர்க்கிறோம். அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பதும் அது. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையும் அது. அந்தப் பூனைக்குத் திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம். பூனை அடிக்கடி மண் தொட்டிக்குப் போகும். குந்தி உட்கார்ந்து முக்கும். ஒரு துளி வரும், அல்லது ஒன்றுமே வராது. சிலவேளை அத்துளியில் இரத்தம் கலந்திருக்கும். பின்புறத்தை ஓயாமல் நக்கும், வேதனையில் கத்தும். நேரம் செல்லச் செல்ல உணவை வெறுத்து, வாந்தி எடுத்து, ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிடும்.

இதைப் பார்க்கும் பலர் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு, நாளை சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முக்குகிற பூனையைக் கண்டால், அது சிறுநீர் கழித்ததா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இந்த அடைப்பு பெரும்பாலும் கடுவனுக்கே வருகிறது. ஏன்? பெட்டைப் பூனையின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, அகலமானது. கடுவனின் குழாயோ நீளமானது; நுனியில் மிகவும் குறுகியது. சிறுநீரில் உள்ள உப்புகள் பொடி மணலைப்போல் திரண்டு, சளிபோன்ற பொருளுடன் கலந்து, அந்தக் குறுகலான இடத்தில் சிக்கிக்கொள்கின்றன. மழைக்காலத்தில் லயத்துக் கால்வாயைச் சருகும் சேறும் அடைப்பதை ஒத்தது இது. சில பூனைகளுக்குச் சிறு கல் அடைப்பதுண்டு. பூனையின் மனக்கலக்கத்தாலும் சிறுநீர்ப்பை வீங்கிப் புண்படலாம். இளம் பூனைகளில் கிருமி காரணமாக இருப்பது குறைவு. ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளால் பயன் இல்லை.

வழி அடைபட்டால் கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடும். பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இதயத்துடிப்பைக் குலைக்கும். ஓரிரு நாட்களிலேயே உயிர் போகக்கூடும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது பூனை தவிப்பதைக் கண்டால், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவரிடமாவது பொறுப்பை ஒப்படைத்துச் செல்லுங்கள்.

செய்யக்கூடாதவை நான்கு. ஒன்று, பனடோல் கொடுக்காதீர்கள். நமக்கு வலி போக்கும் அந்த மருந்து, பூனையின் இரத்த அணுக்களைக் கெடுத்து உயிரைப் போக்கும். இரண்டு, இளநீர் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. மூன்று, பார்லித் தண்ணீரையோ வெறும் தண்ணீரையோ வாயில் ஊற்றாதீர்கள். வெளியேற வழியில்லாத பையை மேலும் நிரப்புவதாகும். நான்கு, அடிவயிற்றை அழுத்தாதீர்கள். நிறைந்த பை உள்ளேயே வெடித்துவிடலாம்.

செய்ய வேண்டியது ஒன்றே: அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது. முதலில் தொலைபேசியில் அழைத்து, “கடுவன் பூனை, சிறுநீர் வரவில்லை” என்று சொல்லுங்கள். கடைசியாக எப்போது கழித்தது, வாந்தி உண்டா என்பதையும் சொல்லுங்கள். அங்கே குழாய் செலுத்தும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மலையிறங்கி ஈப்போ வரை போக நேரலாம். நீண்ட பயணம் என்பதால் தாமதம் கூடாது. காற்றுப் புகும் கூடையிலோ பெட்டியிலோ பழந்துணி விரித்துப் பூனையை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயால் அடைப்பை நீக்குவார். நரம்பு வழியே மருந்துநீர் ஏற்றுவார். சில நாட்கள் அங்கேயே வைத்திருக்கவும் கூடும். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம். கட்டமுடியாத தொகையானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாதபோது, துடிதுடித்துச் சாகவிடுவதைவிட வலியின்றி உயிர் பிரியச் செய்வது கருணையாகும். வளர்ப்புப் பிராணியை நோயில் தவிக்கவிடக்கூடாது என்பது 2015-ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நலச் சட்டம் நமக்கு விதித்திருக்கும் கடமையும் ஆகும்.

பிழைத்த பூனைக்கு அடைப்பு மறுபடியும் வரலாம். ஆகவே சிறுநீர் நீர்த்துப் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தானா ராத்தாவின் குளிரில் பூனை தானாகத் தண்ணீரைத் தேடிப் போவது குறைவு. இரண்டு மூன்று இடங்களில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். கடையில் விற்கும் உலர்ந்த தீனியை மட்டுமே நம்பாமல், உப்பில்லாமல் அவித்த மீனை அந்த நீரோடு சேர்த்துக் கொடுங்கள். மீன் குழம்பு வேண்டாம். வெங்காயம் பூனைக்கு ஆகாது. மண் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனையைக் கொழுக்க விடாதீர்கள். பிள்ளைகள் அதை விரட்டிக் கலக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். வாயில்லாப் பிராணிக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தானே!