பன்னிரண்டு சொற்கள்: கிரிப்டோ வாலட் மோசடிகளும் நம் வகுப்பறையும்

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஓர் உத்தரவு நாடு முழுவதும் பேசப்பட்டது. கிரிப்டோகரன்சி தொட்டுணரக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல; ஆனாலும் ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடிய சொத்து அது என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அதில் குறிப்பிட்டார்.

வழக்கின் பின்னணி இதுதான். 2024 ஜனவரியில் ஒரு முதலீட்டாளர் சென்னையிலிருந்து வங்கிக் கணக்கு வழியாக ரூ.1,98,516 செலுத்தி, வாசிர்எக்ஸ் என்னும் பரிமாற்றத் தளத்தில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 18 அன்று அத்தளத்தின் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் திருடப்பட்டன. திருடப்பட்டவை வேறு வகை நாணயங்கள். ஆனால் அவருடைய கணக்கும் சேர்ந்து முடங்கியது. இழப்பை வாடிக்கையாளர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்தே அவர் நீதிமன்றத்தை நாடினார். இடைக்காலப் பாதுகாப்பும் பெற்றார்.

சொத்து என்று ஆகிவிட்டால் அதற்குப் பூட்டும் வேண்டும், காவலும் வேண்டும். அந்தப் பூட்டு எப்படி இயங்குகிறது, திருடர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம். கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

நமக்கு ஏன் இது?

வேப்பம்பட்டுப் பகுதியில் பல குடும்பங்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள். புறநகர் ரயிலில் அம்பத்தூருக்கு, காக்களூர் தொழிற்பேட்டைக்கு, கம்பெனி பேருந்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு என்று ஷிப்ட் முறையில் உழைக்கிறார்கள். வீட்டில் ஒரு கைபேசி பிள்ளைகளிடம் இருக்கிறது. பாடக் காணொலியும் விளையாட்டும் வங்கிச் செயலியும் அதே கைபேசியில்தான். விளையாட்டில் கிடைக்கும் 'காயின்', கிரிக்கெட் வீரர் படம் போட்ட டிஜிட்டல் அட்டை, டெலிகிராமில் வரும் 'இலவசப் பரிசு' ஆகியவற்றுக்கிடையே குழந்தைகள் வேறுபாடு பார்ப்பதில்லை. "சார், இது நிஜப் பணமா?" என்று எட்டாம் வகுப்பு மாணவன் கேட்டால் பதில் சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களும் குறிவைக்கப்படுகிறார்கள். மாதம் தவறாத சம்பளம், கூட்டுறவுச் சங்கக் கடன் பெறும் வசதி, சக ஊழியர் சொன்னால் நம்பும் பண்பு ஆகிய மூன்றையும் மோசடிக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

வாலட் என்பது என்ன?

பெயர் பணப்பை என்றாலும் அதற்குள் நாணயம் எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு உள்ளது என்ற கணக்கு, உலகெங்கும் பல கணினிகளில் ஒரே நேரத்தில் பராமரிக்கப்படும் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அந்தப் பேரேட்டில் நம் பெயரிலுள்ளதை வேறொருவருக்கு மாற்றி எழுதும் ரகசியச் சாவியைத்தான் வாலட் வைத்திருக்கிறது.

சாவி தொலைந்தால் மீட்க உதவுவதற்காக, வாலட்டைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் தரப்படும். இவற்றை மீட்புச் சொற்கள் எனலாம். 2,048 எளிய சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து இவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன. 12 சொற்களால் அமையக்கூடிய செல்லுபடியாகும் வரிசைகளின் எண்ணிக்கை 2-இன் 128-ஆம் அடுக்கு, அதாவது ஒரு 39 இலக்க எண். எந்தக் கணினியாலும் இதை ஊகித்து முடிக்க இயலாது.

அதனால் திருடன் ஊகிக்க முயல்வதே இல்லை. நம்மிடமே கேட்டு வாங்கிவிடுகிறான். 'உங்கள் வாலட்டைப் புதுப்பிக்க வேண்டும்', 'கணக்கு முடக்கப்படும், உடனே சரிபாருங்கள்' என்று வாடிக்கையாளர் சேவை மையம் போலப் பேசி, ஒரு பக்கத்தில் 12 சொற்களையும் தட்டச்சு செய்யச் சொல்வான். சில சொற்களை மட்டும் சொல்வதும் ஆபத்தே. 11 சொற்களும் அவற்றின் வரிசையும் தெரிந்துவிட்டால், மீதமுள்ள ஒரு சொல்லுக்கு 2,048 வாய்ப்புகள் மட்டுமே. ஏடிஎம் அட்டையின் 4 இலக்க எண்ணுக்கே 10,000 வாய்ப்புகள் உண்டு. மேலும், ஏடிஎம்மில் மூன்று முறை தவறினால் அட்டை முடங்கும். இங்கே அப்படி நிறுத்துவார் யாரும் இல்லை. பணம் போனபின் பரிவர்த்தனையைத் திருப்பி எழுத வங்கி மேலாளரும் இல்லை.

பரிமாற்றத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்களிடம் இந்தச் சொற்கள் இருக்காது. சாவி அந்நிறுவனத்தின் கையில் இருக்கும். மேலே கண்ட வழக்கு அதன் விளைவைக் காட்டுகிறது. நிறுவனத்தின் பூட்டு உடைந்தால் நம் பொருளும் சிக்கிக்கொள்கிறது. சாவியை நாமே வைத்திருந்தால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. இரண்டு வழியிலும் இடர் உண்டு என்பதை அறிந்தே ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

படிக்காமல் இடும் கையொப்பம்

என்எப்டி எனப்படும் டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்கள் 2021-இல் இந்தியாவில் பரபரப்பாகப் பேசப்பட்டன. அமிதாப் பச்சன் தம் குரலில் பதிவான கவிதை வாசிப்பையும் கையெழுத்திட்ட சுவரொட்டிகளையும் இம்முறையில் அவ்வாண்டு நவம்பரில் ஏலம் விட்டார். அஞ்சல்தலை சேகரிப்பு போன்ற ஆர்வம்தான் இது. ஒரு படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ உரிய சான்று பிளாக்செயினில் பதிவாகிறது, அவ்வளவே.

இவற்றைத் திருட மீட்புச் சொற்கள்கூடத் தேவையில்லை; ஓர் அனுமதி போதும். விற்பனைத் தளத்தில் ஒரு பொருளை விற்க, 'என் வாலட்டிலிருந்து இதை எடுத்துக் கொடுக்க உனக்கு அனுமதி' என்று நாம் மின்னணுக் கையொப்பம் இடுகிறோம். போலித் தளம் ஒன்று 'இலவசப் பரிசைப் பெற இங்கே ஒப்புதல் தருக' என்று கேட்டு, உண்மையில் நம் சேகரிப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் அனுமதியை வாங்கிவிடும். 2022 பிப்ரவரியில் ஓப்பன்சீ என்ற பெரிய விற்பனைத் தளத்தின் 17 பயனர்கள் இப்படியொரு மோசடியில் தாமே கையொப்பமிட்டுப் பொருள்களை இழந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில், போர்ட் ஏப் யாட் கிளப் என்ற புகழ்பெற்ற சேகரிப்பின் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாகிராம் கணக்கையே கைப்பற்றி, அதில் போலி இணைப்பை வெளியிட்டுத் திருடினார்கள். கணக்கு உண்மையானதாக இருந்தாலும் அதில் வரும் இணைப்பு உண்மையானது என்று சொல்ல முடியாது.

வல்லுநர்களும் இதில் தவறுகிறார்கள். வாசிர்எக்ஸ் திருட்டிலும், திரையில் காட்டப்பட்ட விவரமும் உண்மையில் கையொப்பமிடப்பட்ட விவரமும் வேறு வேறாக இருந்தன என்றே அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற பன்னாட்டுத் தளம் ஏறத்தாழ 150 கோடி டாலர் இழந்ததும் இதே போன்ற முறையில்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே என்று பெரியவர்கள் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

ஈமு கோழியிலிருந்து நாணயம் வரை

மேலே கண்டவை தொழில்நுட்பத் திருட்டுகள். நம் ஊர்களில் அதிகம் நடப்பது பழைய மோசடியின் புதிய வடிவம். 2012-இல் பெருந்துறையில் வெடித்த ஈமு கோழி மோசடியையும், 2022-இல் வெளிவந்த ஆருத்ரா நிறுவன மோசடியையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கோழியும் தங்கமும் இருந்த இடத்தில் இப்போது 'காயின்' வந்திருக்கிறது.

2015-இல் தொடங்கப்பட்ட கெயின்பிட்காயின் திட்டம், மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாக வாக்களித்தது. நாடு முழுவதும் பலர் ஏமாந்தனர். வழக்கு சிபிஐ வரை சென்றது. இமாச்சலப் பிரதேசத்தில் 2018 முதல் பரவி 2023-இல் வெளிவந்த போலி நாணய மோசடியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் பணம் போட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அவர்களில் சிலர் திட்டத்தைப் பரப்பவும் செய்தார்கள். சட்டம் அறிந்தவர்களே சேர்ந்திருக்கிறார்கள் என்பதே மற்றவர்களுக்கு நம்பிக்கையூட்டியது. ஓர் ஆசிரியர் சேர்ந்தால், அவர் பெயரைச் சொல்லியே பெற்றோர்களைச் சேர்ப்பார்கள். நடத்தை விதிகளையும் தாண்டி, ஊர் நம்மீது வைத்துள்ள மதிப்பைப் பற்றிய கேள்வி இது.

போலி வர்த்தகச் செயலிகள் மற்றொரு வகை. முதலில் ரூ.1,000 போட்டால் ரூ.1,300 திரும்ப வரும். நம்பிக்கை வந்து பெருந்தொகை போட்டபின் திரையில் லாபம் லட்சங்களாகக் காட்டும். எடுக்க முயன்றால் '30 விழுக்காடு வரியை முதலில் கட்டுங்கள்' என்பார்கள். இந்த வரி உண்மையில் இருக்கிறது; அதனால்தான் நம்பிவிடுகிறோம். 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் லாபத்துக்கு 30 விழுக்காடு வருமான வரியும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் பரிமாற்றத்தில் 1 விழுக்காடு வரிப் பிடித்தமும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் வரியை நாம் அரசுக்குத்தான் செலுத்துகிறோம். யாரோ ஒருவரின் யுபிஐ முகவரிக்கு வரி கட்டச் சொன்னால் அது மோசடி.

மாணவர்களின் வங்கிக் கணக்கு

மேல்நிலை மாணவர்களையும் படிப்பை முடித்துச் செல்பவர்களையும் குறித்து ஒரு தனி எச்சரிக்கை. 'உன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம்' என்றோ, 'வரும் பணத்தில் யுஎஸ்டிடி வாங்கி அனுப்பு' என்றோ கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்த பணம் இந்தக் கணக்கு வழியாகக் கிரிப்டோவாக மாறி நாட்டைத் தாண்டிவிடும். காவல் துறை தேடி வரும்போது கணக்கின் உரிமையாளர் மட்டுமே பிடிபடுவார். கணக்கு முடங்கும், வழக்கு வந்தால் வேலைவாய்ப்பும் பாதிக்கப்படும். உதவித்தொகைக்காக நாமே முன்னின்று தொடங்கித் தந்த வங்கிக் கணக்குகள் இவற்றில் இருக்கக்கூடும். பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் யாருக்கும் இரவல் தரும் பொருள்கள் அல்ல என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்பு வழிமுறைகள்

1. மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப், மின்னஞ்சல் எதிலும் வைக்கக் கூடாது. எந்த நிறுவன ஊழியரும் அவற்றைக் கேட்கமாட்டார், கேட்பவர் திருடரே.

2. பெரிய தொகை ஒரு வாலட்டிலும், புதிய தளங்களில் பயன்படுத்தும் சிறு தொகை வேறொரு வாலட்டிலும் இருக்கட்டும்.

3. ஒப்புதல் கேட்கும் திரையை முழுவதும் படிக்க வேண்டும். புரியாவிட்டால் நிராகரிக்க வேண்டும். முன்பு தந்த அனுமதிகளை அவ்வப்போது ரத்து செய்ய வேண்டும்.

4. அனுப்பும் முகவரியின் எல்லா எழுத்துகளையும் சரிபார்க்க வேண்டும். முதல் சில எழுத்துகளும் கடைசிச் சில எழுத்துகளும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து சிறு தொகையை அனுப்பி, அதை நம் பட்டியலில் இடம்பெறச் செய்வது ஒரு தந்திரம். பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்தால் பணம் திருடனுக்குப் போய்விடும்.

5. பரிமாற்றத் தளம் இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். 2023 மார்ச் முதல் இத்தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இப்பதிவு லாபத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

6. 'அரசின் நாணயம்' என்றால் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாய் வங்கிகள் வழியாக வருகிறது. அதற்கு ஆள் சேர்க்கும் திட்டம் கிடையாது.

ஏமாந்துவிட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் வங்கிக் கணக்குகளில் இருக்கும்வரை முடக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோவாக மாறியபின் அது மிகவும் கடினம். அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, உரையாடல் பதிவுகள் எதையும் அழிக்கக் கூடாது. மீட்புச் சொற்கள் வெளியே தெரிந்திருந்தால், எஞ்சியதைப் புதிய வாலட்டுக்கு உடனே மாற்ற வேண்டும். 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்டு வருபவர்கள் இரண்டாவது முறை ஏமாற்ற வருபவர்கள்.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகளில் 'வீட்டுச் சாவியை யாரிடம் கொடுக்கலாம்?' என்று உரையாடி, ஓடிபி எண்ணும் ஒரு சாவிதான் என்று புரியவைக்கலாம். நடுநிலை வகுப்புகளில் அடுக்குகள் பாடத்தோடு, ஒருவர் மூவரைச் சேர்க்கும் திட்டத்தைக் கணக்கிடச் சொல்லலாம். 17-ஆம் அடுக்கில் 12.91 கோடிப் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். உயர்நிலை வகுப்புகளில் கூட்டு வட்டிப் பாடத்தில் ரூ.10,000-க்கு மாதம் 10 விழுக்காடு என்று கணக்கிட்டால் 18 மாதத்தில் ரூ.55,599 வரும். ஆண்டுக்கு 7 விழுக்காடு தரும் வங்கி வைப்பில் இதே காலத்தில் சுமார் ரூ.11,070 தான். 'இவ்வளவு வட்டியை எந்தத் தொழில் தரமுடியும்?' என்று மாணவர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பத்து நிமிடம் ஒதுக்கி 1930 எண்ணையும் கணக்கு இரவல் தரும் ஆபத்தையும் சொல்லலாம். ஏமாந்தவர்களில் பலர் வெட்கத்தால் வீட்டிலேயே மறைத்துவிடுகிறார்கள்; அந்தத் தாமதம் திருடனுக்கு உதவுகிறது. திட்டமாட்டார் என்று நம்பி ஒரு மாணவர் முதலில் ஓடிவந்து சொல்லக்கூடிய பெரியவராக நாம் இருந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு தப்ப வழியுண்டு.