மின்சாரக் கட்டணமும் ஏழைக் குடும்பங்களும்

விலைவாசி ஏறுங் காலத்தில் வீட்டு மின்சாரக் கட்டணத்தை நிர்ணயம் செய்து நிறுத்தி வைக்கலாமா? வைக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும், பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

2014 டிசம்பருக்குப் பின் ஏறக்குறைய எட்டு வருஷம் தமிழ்நாட்டில் கட்டணம் உயரவில்லை. செலவோ நிற்கவில்லை; மின்வாரியத்தின் கடன் வளர்ந்தது. 2022 செப்டம்பர் 10-ல் அப்பாரம் ஜனங்கள்மீது ஒருங்கே இறங்கிற்று. ஆண்டுதோறும் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மேற்படாமல் உயர்த்தும் விதியும் அப்போதே பிறந்தது.

சிவகாசியைப் பாருங்கள். பட்டாசு உலர வெயில் வேண்டும். மழை பெய்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். மீட்டர் மட்டும் நிற்பதில்லை. கட்டண உயர்வுக்கு ஜூலை என்று தவணை உண்டு. மழைநாட் கூலிக்குத் தவணை ஏது?

2023-லும் 2025-லும் வீடுகளுக்குரிய உயர்வைச் சர்க்கார் ஏற்றனர். 2024-லோ 4.83 சதவீதம் குடும்பங்களின் தலையில் விழுந்தது. ஏழையின் விளக்கு இவ்வாறு வருஷத்துக்கொரு தயவை நம்பி எரியலாகாது. சிறு உபயோகஸ்தர்களுக்குக் கட்டணத்தை நிலையாக நிர்ணயிக்க வேண்டும். வித்தியாசத்தை வரவு செலவுத் திட்டத்தில் பகிரங்கமாக எழுதி, அவ்வருஷமே வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். பணம் செலுத்தாத நிர்ணயம் சலுகையன்று. நம் மக்கள்மீது நாமே எழுதி வைக்கும் கடன்பத்திரமாகும்.